பாறையடியில் கை அனுப்பியது

இப்போது மலையில் வழிகாட்டி வேலை பார்க்கிற பிள்ளைகள் இடுப்பில் வாக்கி டாக்கி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். முன்னால் போகிறவன் ஒன்று சொன்னால் கடைசியில் வருகிறவள் காதில் கரகரவென்று கேட்கிறது. நல்லதுதான். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அதை இப்போது நினைத்து என்ன ஆகப்போகிறது, போங்கள்.

போன வாரம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, நந்தினி என்று பெயர், புதூர்நாட்டில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து ஒரு கூடை எடுத்துக் கொடுத்தாள். எதற்கோ அடி போடுகிறாள் என்று தெரிந்துவிட்டது. கடைசியில் கேட்டாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அடுக்குப் பாறையில அன்னிக்கு நீங்க லேட்டா கை அனுப்பிச்சீங்களாமே? வர்றவங்ககிட்ட அப்டித்தான் சொல்லச் சொல்றாங்க. நெசமா?”

எனக்குச் சுரீர் என்றது. பாறைக்குப் போகுமுன் மரத்தடியில் கூட்டத்தை நிறுத்தி, இந்த இடத்தில்தான் ஒரு அம்மா தேனீ கொட்டிச் செத்தார், பின்னால் வந்த பொம்பளை தாமதமாக எச்சரித்ததால் வந்த வினை என்று சொல்கிறார்களாம். கேட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக நடக்கிறார்களாம். செத்தவளையும் என்னையும் சேர்த்துப் பூச்சாண்டி ஆக்கிவிட்டார்கள். நந்தினியைத் திட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் கேட்டாள். மற்றவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். இத்தனை நாள் நான் வாயைத் திறக்காததற்கு ஒரே ஒரு மனிதர் காரணம். அவர் போன மாதம் ஆரணியில் காலமாகிவிட்டார். இனி நான் பேசினால் வலிக்க வேண்டியவர் யாரும் இல்லை.

என் பெயர் சின்னப்பொண்ணு. விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சாமை விதைப்பது, ஆடு மேய்ப்பது, புளி உலுக்குவது என்று போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இறந்த பிறகு மேலே ஏறி வருகிற சுற்றுலாக்காரர்களுக்குச் சோற்றுக் கூடை சுமக்கப் போனேன். அப்படித்தான் ஜப்பார் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாய் வாணியம்பாடிக்காரர். தோல் தொழிற்சாலையில் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். எந்தத் தோல் உள்ளே அழுக ஆரம்பித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் முன்பே மூக்கால் சொல்லிவிடுவாராம். அந்த வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவே, ஒரு பழைய ஜீப்பை வாங்கி, திருப்பத்தூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து ஒரே நாளில் மலையைச் சுற்றிக்காட்டி இறக்கிவிடுகிற தொழிலைத் தொடங்கினார். பத்துப் பேருக்கு மேல் சேர்க்கமாட்டார். காலையில் ஊர் எல்லையில் ஜீப்பை விட்டு இறங்கினால், மலை விளிம்பை ஒட்டி நடந்து, அடுக்குப் பாறைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், நாவல் மரத்தடியில் இளைப்பாறி, பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டு இறங்க வேண்டியதுதான்.

அடுக்குப் பாறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாடி மேல் மாடி வைத்தது மாதிரி பாறை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிவயிற்றில் பெருந்தேன் அடைகள் தொங்கும், ஒவ்வொன்றும் முறம் அகலம். கீழே ஓர் ஆள் மட்டும் போகிற பாதை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். தேனீக்கள் நம்மை ஒன்றும் செய்யாது, நாம் அவற்றின் வழிக்குப் போகாதவரை. இதை நம்பித்தான் அத்தனை வருடம் தொழில் நடந்தது.

நம்பி என்று சும்மா சொல்லிவிட்டேன். பாய் எதையும் நம்பமாட்டார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் எல்லாரையும் குழாயடியில் நிறுத்துவார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காற்று தன் முகத்துக்கு வருகிற மாதிரி நின்று கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருக்கு முன்னால் நடந்து போக வேண்டும். பெண்கள் என்றால் நாலடி தள்ளி நடந்தால் போதும், அதுவே அவருக்கு எட்டும். கண்ணைத் திறக்காமலே சொல்வார்: முகப் பவுடர். சட்டையில் சென்ட். சிகரெட், இப்பத்தான் ஒண்ணு முடிச்சிருக்கீங்க. பையில் வாழைப்பழம். ஒருத்தர் விடாமல் பிடிப்பார். பிடிபட்டவர்கள் அரப்புத்தூள் போட்டு முகமும் கழுத்தும் கழுவி வர வேண்டும். துணியிலேயே வாசனை என்றால் எங்களிடம் இருக்கிற வெளுத்த சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு தடவை மனை வியாபாரம் செய்கிற பெரிய மனிதர் ஒருவர், என்னைக் கழுவச் சொல்ல நீ யார் என்று குதித்தார். பாய் குரலே உயர்த்தவில்லை.

“ஐயா, நான் உட்டுடுவேன். அதுங்க உடாது,” என்றார்.

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவினார். நாங்கள் திரும்பி நின்று சிரித்தோம்.

அடுத்தது வரிசை. முன்னால் பாய். கடைசியில் நான். முன்னால் போகிறவர் தலை, கடைசியில் வருகிறவள் வால். ஊரில் என்னை வாலு, வாலு என்று கேலி செய்வார்கள், அதற்கெல்லாம் பழகிவிட்டது. பாறையடியில் பேச்சுக் கூடாது. சத்தம் பாறையில் பட்டு அடைக்குப் போகும். அதனால் சேதி கை வழியாகத்தான் போகும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தோளில் தட்ட வேண்டும், அவர் தனக்கு முன்னால் இருப்பவரைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் சத்தமில்லாமல் திரும்பி வந்த வழியே நட. இதற்குக் கை அனுப்புவது என்று பெயர். முன்னாலிருந்து பாயும் அனுப்புவார், கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி. கூட வந்தவர்கள் இரண்டிரண்டு பேருக்கு ஒரு கம்பளி. தேனீ கிளம்பிவிட்டால் ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது, கம்பளிக்குள் புகுந்து குந்திவிட வேண்டும்.

எப்போது திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரே அடையாளம்தான். தேனீக்களுக்குக் கோபம் வந்தால் காற்றில் கனிந்த வாழைப்பழ வாடை வரும். சிரிக்காதீர்கள், சத்தியமாக வரும். தேன் எடுக்கப் போகிற எங்கள் ஊர் ஆட்களுக்கு அது தெரியும், எனக்கும் சிறுவயதிலிருந்தே தெரியும். அதனால்தான் பையில் வாழைப்பழம் ஆகாது. அந்த வாடை ஒரு துளி வந்தாலும் பாயின் கை தலைக்கு மேலே போய்விடும். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பியிருப்பார். அப்படி எத்தனையோ முறை பாதியில் திரும்பியிருக்கிறோம். காசு கொடுத்து வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பாய் கண்டுகொள்ளமாட்டார்.

அவர் என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாறையடியில் ஒரு குழந்தையின் தொப்பி பறந்து போனது. நான் வரிசையை விட்டு எடுக்கப் போய்விட்டேன். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் இறங்கி ஜீப்பில் ஏறிய பிறகு, டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பவும் அந்த இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்தினார்.

“உனக்குப் பின்னாடி யாரு இருக்காங்க?” என்றார்.

“யாரும் இல்ல பாய்.”

“அதான்மா. நீ நகந்துட்டா வரிசைக்குக் கதவே இல்ல. தொப்பி போனா போவுது.”

அவ்வளவுதான். போக வர அத்தனை தூரம் நடக்க வைத்ததுதான் தண்டனை. அதற்குப் பிறகு எது விழுந்தாலும் நான் வரிசையை விட்டதில்லை.

கொரோனா வந்த வருடம் ஒருத்தரும் மலையேறவில்லை. பாய்க்கும் கண்டது. பிழைக்கமாட்டார் என்றுதான் சேதி வந்தது. பிழைத்து வந்தார், பாதி ஆளாக. மறுபடி ஜீப் ஓட ஆரம்பித்தது. குழாயடியில் மண்ணைத் தூவினார், கண்ணை மூடினார், எல்லாம் பழையபடிதான். ஆனால் கழுவப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். முன்பு கூட்டத்தில் பாதிப் பேராவது கழுவுவார்கள், இப்போது ஒன்றிரண்டு பேர், அதுவும் முகத்தில் பவுடர் வெள்ளையாகத் தெரிகிறவர்கள். சொல்லிச் சொல்லி ஜனங்கள் திருந்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பால் தீய்ந்த டீயை ஒரு நாள் மடமடவென்று குடித்தார். காய்ச்சல் கண்ட நாக்கு, ருசி தெரியவில்லை என்று அதையும் விட்டுவிட்டேன். தன் மூக்கை வைத்துச் சோறு தின்கிற மனிதன் மூக்குச் செத்துப்போனதை மறைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அது மாசி மாதம், புளி உலுக்குகிற பருவம். அன்று வந்தவர்கள் ஆரணியிலிருந்து ஒரு தம்பதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பம், கூடப் படித்த நண்பர்கள் இரண்டு பேர். ஆரணிக்காரர் பெயர் தணிகாசலம், நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி சுமதி. ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாத பெண். வழியில் தெரிந்த செடிக்கெல்லாம் என்னிடம் பெயர் கேட்டாள். எனக்குத் தெரியாத செடிக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள். தண்ணீர் பாட்டில் கணவர் பையில் இருந்தது. அவளுக்குத் தாகம் எடுத்தால் முன்னால் போகிற அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் திரும்பியே பார்க்காமல் பாட்டிலைப் பின்னால் நீட்டுவார். குடித்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். காலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பழக்கம், பார்க்க நன்றாக இருந்தது.

குழாயடியில் கை அனுப்புவது எப்படி என்று பாய் எல்லாருக்கும் சொன்னார். தணிகாசலமும் கேட்டுத் தலையாட்டினார். பாறையடிக்குப் போனோம். முன்னால் பாய், அவருக்குப் பின்னால் தணிகாசலம், அடுத்து சுமதி, பிறகு மற்றவர்கள், கடைசியில் நான்.

பாதி தூரம் போயிருப்போம். வாடை வந்தது. துளியாக இல்லை, குலையோடு பழுத்துக் கறுத்துப்போன மாதிரி குப்பென்று வந்தது. காற்று முன்னாலிருந்து பின்னால் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வருகிறதென்றால் பாய்க்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். அவர் கையைப் பார்த்தேன். கை தொங்கியபடியே இருந்தது. ஆள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது, கழுவாமல் போனவர்கள், தீய்ந்த பால், எல்லாம். என் முன்னால் இருந்த பையன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கை ஒழுங்காகப் போனது. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். பையன் தட்டினான், அவன் நண்பன் தட்டினான், சென்னைக் குடும்பம் தட்டியது. தட்டிய ஒவ்வொருவரும் சொன்னபடி என் பக்கம் திரும்பினார்கள். சுமதியின் தோளுக்குக் கை வந்தது. அவள் கணவர் தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு. நன்றாகப் பார்த்தேன்.

தணிகாசலம் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பாட்டில் அப்படியே நீண்டபடி இருந்தது. அவரும் பாயும் நடந்துகொண்டே இருந்தார்கள். அவள் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவள் எங்களோடு திரும்பியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அவரை விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. முன்னால் ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்து, “ஏங்க, திரும்புங்க,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்தப் பாறைக்கு அதுவே போதும்.

மேலே இருட்டிக்கொண்டு வந்தது. தேன்பருந்து ஒன்று எங்களுக்கு முன்பே அடையை அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பிய்ந்த அடைத்துண்டு பாதையில் கிடந்ததைப் பிற்பாடு பார்த்தேன். ஏற்கெனவே வெறி கொண்டிருந்த கூட்டம், சத்தம் கேட்ட பக்கம் இறங்கியது. பாய் தன் கம்பளியை விரித்துக் கைக்கு எட்டியவரை உள்ளே இழுத்துப் போட்டு மேலே விழுந்தார். எட்டியது தணிகாசலம். சுமதியின் கம்பளி அவள் கணவர் பைக்குள் இருந்தது.

எனக்குக் கால் முன்னால் போகத் துடித்தது. ஆனால் என் பக்கம் திரும்பிய முகங்கள் அத்தனையும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. அதில் ஒன்று குழந்தை. அவர்களைப் பின்னாலேயே நடத்திக்கொண்டு போய், பாறை முடிகிற இடத்தில் புதருக்குள் கம்பளி போர்த்தி உட்கார வைத்துவிட்டு, ஒரு கம்பளியோடு திரும்பி ஓடினேன். சுமதி பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. கம்பளியைப் போட்டு அவளை அணைத்துக்கொண்டு குந்தினேன். உள்ளேயும் கொட்டிக்கொண்டுதான் இருந்தன. அவள் என் காதில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு?”

“கம்பளிக்குள்ள இருக்காரும்மா. ஒண்ணும் ஆவல,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தேனீக்கள் அடங்கியதும் ஊர் ஆட்களோடு சேர்ந்து கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏற்றினோம். மலை இறங்கி முடியும் முன்னே ஜீப்பிலேயே போய்விட்டாள். தணிகாசலத்துக்கும் பாய்க்கும் முகமெல்லாம் வீங்கி, கண் திறக்கவில்லை. அவள் போய்விட்டது கண் தெரியாத அவள் கணவருக்கு என் அழுகையைக் கேட்டுத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் தலையில் வாசனை எண்ணெய் மணக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போதாதா ஊருக்கு? எண்ணெய் தேய்த்துக்கொண்டு தேனீப் பாறைக்குப் போனாளாம், சீவிச் சிங்காரித்துப் போய் எமனைக் கூப்பிட்டாளாம். அந்த எண்ணெயை வாங்கிக் கொடுத்தவர் தணிகாசலம். அவள் பிணத்துக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து, நான்தான் வாங்கினேன், நான்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காரியம் நடந்த அன்று பாய் ஆரணிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே போகவில்லை.

“எண்ணெய்னால இல்லீங்க. எனக்கு மூக்கு செத்துப் போயி ஒரு வருஷமாவுது. மறைச்சி வெச்சேன். அந்த வாடைய மொதல்ல பிடிக்க வேண்டியவன் நானு. உங்க வூட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல,” என்றார்.

சுமதியின் தம்பி அவர் சட்டையைப் பிடித்து அறைந்தான். தொப்பி கீழே விழுந்தது. பாய் குனிந்து எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். புகார் கொடுத்தார்கள், பாய் எதையும் மறுக்கவில்லை. ஜீப்பை விற்றார், தொழிலை மூடினார், வாணியம்பாடிக்குப் போய் மகள் வீட்டில் இருந்துவிட்டார். அவர் செய்தது பெரிய தவறு, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் போய் நின்று அதைச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? எனக்கு அவர் மேல் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு, இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பாட்டில் விஷயத்தை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

பாய் போன பிறகு வேறொரு கம்பெனி வந்தது. வழி தெரிந்தவள் என்று என்னை வாலாகவே வைத்துக்கொண்டார்கள். மறு வருடம் அதே மாசியில், வந்த கூட்டத்தில் தணிகாசலம் இறங்கினார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை, சட்டை ஆள் மேல் தொளதொளவென்று தொங்கியது. தனியாக வந்திருந்தார். யாரிடமும் பேசவில்லை. கடைசியில், எனக்கு நேர் முன்னால் நடக்கிறேன் என்று கேட்டு நின்றுகொண்டார். பாறையடியில் அவர் அடிக்கடி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வழியாகத் தாண்டிப் போனோம். மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனார்கள். நாவல் மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

“ஒண்ணு கேக்கணும்மா. அதுக்குத்தான் வந்தேன்,” என்றார். “பாய் வந்து சொன்னாரு, எண்ணெய்னால இல்லன்னு. அது போதும்னு நெனச்சேன். போதல. அன்னிக்கு அவ என் தோள தட்டினா. நான் பாட்டில நீட்டினேன். அவ வாங்கல. அது நீங்க அனுப்பிச்ச கையா, இல்ல தண்ணி கேட்டாளா? ஒரு தட்டா ரெண்டு தட்டா, எனக்கு ஞாபகமே வரல. தெனமும் யோசிச்சிப் பாக்கறேன், வரல.”

நான் கீழே கிடந்த நாவல் இலை ஒன்றை எடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“சோறு எறங்க மாட்டேங்குது. கடையத் தொறக்கறதில்ல. பின்னாடி இருந்து நீங்க பாத்திருப்பீங்க. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். பொய் சொல்லாதீங்க, நெசத்த சொல்லுங்க.”

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. அந்தச் சென்னைக் குடும்பமோ நண்பர்களோ முதுகைத் திருப்பிக்கொண்டு என் பக்கம் பார்த்தவர்கள். அவள் கை எழுந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் மலையை விட்டுக் கீழே இறங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்திலேயே பள்ளம். சுமதி என் காதில் கேட்ட ஒற்றை வார்த்தையும் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொன்னவள் நான். அதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஒரு தட்டுதாங்க சார்,” என்றேன். “தண்ணிதான் கேட்டாங்க. நீங்க பாட்டில நீட்டினதுக்கு அப்புறந்தான் நான் கையே அனுப்பிச்சேன். வாடை முன்னாடியே வந்திச்சு. நெசமா, வேற எதுனாவான்னு நின்னு யோசிச்சிட்டேன். லேட்டு பண்ணது நானு.”

அவர் முழுசாக என் பக்கம் திரும்பினார்.

“நின்னு யோசிச்சியா?” என்றார். அதுவரை வாங்க, போங்க என்று பேசியவர். “அங்க என் பொண்டாட்டி நடந்துனு இருக்கா, நீ நின்னு யோசிச்சினு இருந்தியா?”

“ஆமாங்க.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதார். ஒரு வருடமாக அழாத அழுகை அது. போனவர்கள் திரும்பி வந்து என்ன என்று கேட்டார்கள். என்னைக் கையைக் காட்டி எல்லாரிடமும் சொன்னார், நான் சொன்னது அத்தனையும் ஒன்று விடாமல். கம்பெனிக்காரரிடமும் சொன்னார். மறுநாளிலிருந்து என்னை வாலாக நடக்க விடவில்லை, சமையலுக்கு மாற்றினார்கள், அப்புறம் அதுவும் வேண்டாம் என்றார்கள். நந்தினி கேட்ட கதை அன்றைக்குப் புறப்பட்டதுதான்.

அன்று மத்தியானம் வழக்கமான வீட்டில் எல்லாருக்கும் இலை போட்டு உட்கார வைத்தோம். தணிகாசலம் சாமைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். நான் அன்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கையால் இலையை மூடிக்கொண்டு, வேறு யாராவது போடட்டும் என்றார்.